பிரிட்ஜ் பண்ணுவதற்கு முன்னால் ஓம்ஸைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் கார் ஆடியோ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கதவு ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர், டிக்கியில் வைக்கும் பாக்ஸ் என்று நல்ல விஷயங்கள் நிறைய இருந்தன. ஆனால் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்களுக்கு 'பிரிட்ஜ் செய்தால் பவர் இரட்டிப்பாகும்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஆம்ப் ரிப்பேர் செய்து பிழைக்கிற எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. அவுட்புட் டிரான்சிஸ்டர் வெடித்து, போர்டு கருகி என் மேசைக்கு வரும் ஆம்ப்களில் பலவற்றின் கதை இந்த வரியில்தான் ஆரம்பிக்கிறது. கடைக்காரரும் இதையேதான் சொல்கிறார், வாங்குகிறவரும் இதை நம்பித்தான் காசு கொடுக்கிறார், எத்தனை ஓம்ஸில் பிரிட்ஜ் பண்ணப்போகிறோம் என்று இரண்டு பேருமே பேசுவதில்லை. ஓம்ஸ் என்பது ஸ்பீக்கர் கரண்ட்டைத் தடுக்கும் அளவு, அது குறையக் குறைய ஆம்பிலிருந்து அதிகக் கரண்ட் ஓடும்.

முதலில் பிரிட்ஜ் என்றால் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு சேனல் ஆம்ப் என்பது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு தனி ஆம்ப்கள்தான், இடது ஒன்று, வலது ஒன்று. தனித்தனியாக ஓட்டும்போது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு முனையில் சிக்னல் வரும், மறுமுனை சிக்னல் இல்லாத கிரவுண்டில் இருக்கும். பிரிட்ஜ் செய்தால் ஒரே ஸ்பீக்கரின் ஒரு முனையை இடது சேனலும் மறுமுனையை வலது சேனலும் பிடித்துக்கொள்கின்றன. ஒரு சேனலின் சிக்னல் தலைகீழாக்கப்பட்டிருப்பதால் இது தள்ளும்போது அது இழுக்கும், அது தள்ளும்போது இது இழுக்கும், இரண்டு பேர் பிடித்து மரம் அறுக்கிற ரம்பம் மாதிரி. ஸ்பீக்கருக்குக் கிடைக்கிற வோல்டேஜ் இரண்டு மடங்காகிறது. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் அதே ஸ்பீக்கரில் பவர் கணக்குப்படி நான்கு மடங்கு. நான்கு மடங்கு பவர் ஸ்பீக்கருக்குப் போக வேண்டுமானால் கரண்ட்டும் இரண்டு மடங்கு ஓட வேண்டும், அந்தக் கரண்ட் முழுவதும் இரண்டு சேனல் வழியாகவும் போய் வர வேண்டும். அதனால் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை பிரிட்ஜில் போட்டால் ஒவ்வொரு சேனலுக்கும் தன் தலையில் 2 ஓம்ஸ் இருப்பதாகத்தான் தெரியும். 2 ஓம்ஸ் ஸ்பீக்கரைப் போட்டால் ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம்.

இந்தப் பாதிக் கணக்கு ஒன்றை மட்டும் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். 4 ஓம்ஸில் சேனலுக்கு 60 வாட்ஸ் கொடுக்கும் சாதாரண ஆம்ப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு சேனலிலும் ஓடும் கரண்ட் சுமார் 4 ஆம்பியர். அதே வோல்டேஜில் 2 ஓம்ஸ் என்றால் 8 ஆம்பியருக்குப் பக்கத்தில், 1 ஓம் என்றால் 15 ஆம்பியருக்கு மேல். சந்தையில் உள்ள இரண்டு சேனல் ஆம்ப்களில் பெரும்பாலானவை சேனலுக்கு 2 ஓம்ஸ் வரை தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன, அதனால்தான் டெர்மினல் பக்கத்திலோ கையேட்டிலோ 'பிரிட்ஜ்: குறைந்தபட்சம் 4 ஓம்ஸ்' என்று அச்சடித்திருப்பார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். இந்த மாதிரி ஆம்ப் 2 ஓம்ஸில் சேனலுக்கு 90 வாட்ஸ் கொடுத்தால், 4 ஓம்ஸ் பிரிட்ஜில் அது கொடுப்பது சரியாக 180 வாட்ஸ்தான், அதாவது அந்த இரண்டு 90-இன் கூட்டுத்தொகை. எங்கிருந்தோ புதிதாகப் பவர் வந்து சேரவில்லை. அந்த இரண்டு சேனலும் 2 ஓம்ஸில் எவ்வளவு உழைக்குமோ அந்த உழைப்பு மொத்தத்தையும் ஒரே ஸ்பீக்கருக்குத் திருப்பிவிடுகிறோம், அவ்வளவுதான்.

பிரிட்ஜ் என்பதே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அது அருமையான வேலை, காருக்கு மிகவும் தேவையானதும்கூட. உங்கள் காரின் டாஷ்போர்டில் இருக்கும் டெக்குக்குள்ளேயே எல்லாச் சேனலும் பிரிட்ஜாகத்தான் இருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். அதை வைத்து, பிரிட்ஜ் இல்லாமல் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் எடுக்கக்கூடிய பவர் ஆறரை வாட்ஸ், அதற்கு மேல் போனால் ஒலி கிழியும். பிரிட்ஜ் போட்டால் அதே 14.4 வோல்ட்டில் கணக்குப்படி 26 வாட்ஸ் வரை போகலாம், டெக்கின் ஆம்ப் சிப்பான ஐ.சி.யில் ஏற்படும் இழப்பு போக நிஜத்தில் 20 வாட்ஸ் பக்கம் கிடைக்கும். டெக்கின் முகத்தில் '50 வாட்ஸ் x 4' என்று எழுதியிருந்தாலும் சுத்தமாக வருவது இந்த 20 பக்கம்தான். அதற்கு மேல் வேண்டும் என்றால்தான் தனி ஆம்ப். அதற்குள் இருக்கும் பவர் சப்ளை காரின் இந்த வோல்டேஜை பிளஸ், மைனஸ் என்று இரண்டு பக்கமும் உயர்த்திக் கொடுக்கும். டெக்கின் நான்கு சேனலும் ஏற்கெனவே பிரிட்ஜாக இருப்பதால் அதன் ஸ்பீக்கர் ஒயர்களை மறுபடி ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது, மைனஸ் ஒயரை பாடியில் அடிக்கவும் கூடாது. பழைய வண்டியில் ஒயர் குறைவாக இருக்கிறது என்று நான்கு ஸ்பீக்கருக்கும் மைனஸை ஒரே ஒயராக பாடிக்குக் கொண்டுபோய், புது டெக் ஐ.சி.யைப் போட்ட அன்றே கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ரிப்பேருக்கு வரும் கதைக்கு வருகிறேன். ஒரு சுற்றுலா வேன் ஓட்டுநர் 12 இன்ச் சப்வூஃபரும் இரண்டு சேனல் ஆம்பும் ஒரே கடையில் வாங்கிப் பொருத்தியிருக்கிறார். சப் இரட்டைக் காயில் வகை, அதாவது அதன் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் இரண்டு, ஒவ்வொரு காயிலும் 4 ஓம்ஸ். கடையில் இரண்டு காயிலையும் பேரலலாக, அதாவது பக்கம் பக்கமாகச் சேர்த்து 2 ஓம்ஸ் ஆக்கி, அதை அப்படியே பிரிட்ஜில் கொடுத்துவிட்டார்கள். கடை வாசலில் போட்டுக் காட்டியபோது அதிர்ந்ததாம், அதிராமல் என்ன செய்யும், சேனலுக்கு 1 ஓம் ஆயிற்றே. பழனிக்கு ஒரு குழுவை ஏற்றிக்கொண்டு போகும்போது, சீட்டுக்கு அடியில் காற்றே படாத இடத்தில் அந்த ஆம்ப் கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டதைக் காட்டும் புரொடெக்ட் விளக்கு எரிய ஆரம்பித்திருக்கிறது. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் பாடும், மறுபடி நிற்கும். திரும்பக் கடைக்குப் போனால் அவர்கள் ஓம்ஸைப் பார்க்கவில்லை. ஃப்யூஸ் சின்னது என்று சொல்லிப் பெரிய ஃப்யூஸ் போட்டு அனுப்பினார்கள். அதற்கப்புறம் ஆம்ப் மொத்தமாகப் போனது. 'இந்த ஆம்ப் வீக், பெரிசா வாங்குங்க' என்று பதில் வந்திருக்கிறது. அவர் நல்லவேளையாகப் புதிது வாங்காமல் பழையதை என்னிடம் கொண்டு வந்தார். டிரான்சிஸ்டர் மாற்றிக் கொடுத்தேன், கூடவே இரண்டு காயிலையும் சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து 8 ஓம்ஸ் ஆக்கி பிரிட்ஜில் போட்டேன். ஒலி கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆம்ப் இன்றுவரை சூடாவதில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எப்போதும் வரும், அந்த ஓட்டுநரும் கேட்டார்: காயில் இரண்டு, சேனலும் இரண்டு, அப்படியானால் ஒரு காயிலுக்கு ஒரு சேனல் என்று பிரிட்ஜே இல்லாமல் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம். பவரில் ஒரு வாட் வித்தியாசமும் வராது. 8 ஓம்ஸை பிரிட்ஜில் போட்டால் சேனலுக்கு 4 ஓம்ஸ். காயிலைப் பிரித்துக் கொடுத்தாலும் சேனலுக்கு 4 ஓம்ஸ். இரண்டிலும் இரண்டு சேனலும் சேர்ந்து அதே 120 வாட்ஸ்தான். ஆனால் பிரித்துக் கொடுத்தால் இரண்டு சேனலுக்கும் ஒரே சிக்னல், ஒரே கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) இருக்க வேண்டும். கூடக்குறைய இருந்தால் ஒரே கூம்பை இரண்டு காயில் வேறு வேறு பலத்தில் அசைக்கும். பிரிட்ஜில் அந்தத் தொல்லை இல்லை, ஒரே கரண்ட்தான் இரண்டு காயிலிலும் ஓடுகிறது. அதனால் 4+4 சப் கையில் இருந்தால் நான் சீரியஸ், பிரிட்ஜ் என்றுதான் சொல்வேன். இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள், இரண்டு சேனல் ஆம்ப்தான் என்று முடிவாகிவிட்டது என்றால், 2+2 காயில் உள்ள சப்பைக் கேட்டு வாங்குங்கள். அதை சீரியஸில் சேர்த்தால் 4 ஓம்ஸ், ஆம்ப் தாங்கும் எல்லையில் சரியாக நிற்கும், அந்த 180 வாட்ஸும் கிடைக்கும். சப்பின் விலை அநேகமாக ஒன்றேதான். வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால்தான் அந்த ஓட்டுநருக்கு 60 வாட்ஸ் நஷ்டம்.

அந்த 60 வாட்ஸ் காதுக்கு எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாட்ஸ் ஆசையில்தான் இந்த வினையெல்லாம். பவர் இரண்டு மடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபல், கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு பவர் வேண்டும். 120-க்கும் 180-க்கும் இடையில் இருப்பது 2 டெசிபல்கூட இல்லை. பாக்ஸின் மூலையில் காற்றுக் கசிவதை அடைத்தாலோ, கதவுக்குள் தகடு அதிராமல் டேம்பிங் ஷீட் ஒட்டினாலோ இதைவிட நல்ல மாற்றம் தெரியும்.

முன் கதவு ஸ்பீக்கருக்காக இரண்டு சேனல் ஆம்ப் வாங்குகிறவர்கள் பிரிட்ஜ் பக்கமே போக வேண்டாம். இடது சேனல் இடது கதவுக்கு, வலது வலது கதவுக்கு. பாட்டில் வயலின் ஒரு பக்கமும் தபலா ஒரு பக்கமும் குரல் நடுவிலும் இருப்பது இப்படிப் பிரித்து ஓட்டினால்தான் கிடைக்கும், எத்தனை வாட்ஸ் கொடுத்தும் அதை வாங்க முடியாது. பிரிட்ஜில் இடதும் வலதும் ஒன்றாகக் கலந்து ஒற்றை ஒலியாகிவிடும். சப்வூஃபரில் அது பரவாயில்லை, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கதவு ஸ்பீக்கர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து பிரிட்ஜில் மாட்டி 'பவர் ஜாஸ்தி சார்' என்று கொடுப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. இரண்டு 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் பேரலலில் 2 ஓம்ஸ், ஸ்டீரியோவும் போயிற்று, ஆம்பும் போகப்போகிறது.

கதவும் வேண்டும் சப்பும் வேண்டும் என்கிறவர்களுக்கு என் கருத்தில் நல்ல வழி நான்கு சேனல் ஆம்ப்தான். முன் இரண்டு சேனல் தனித்தனியாகக் கதவுகளுக்கு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு. பின் இரண்டு சேனல் பிரிட்ஜில் ஒரு 4 ஓம்ஸ் சப்புக்கு, அதற்கு மேலே உள்ளதைத் தடுக்கும் லோ-பாஸ் போட்டு. பின் ஸ்பீக்கரை டெக்கிலேயே விட்டுவிடலாம். 90-களில் இதையே இரண்டு சேனல் ஆம்பில் செய்தவர்கள் உண்டு: கதவு ஸ்பீக்கர்கள் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் கப்பாசிட்டர் வழியாக இரண்டு சேனலிலும், சப் உயர்ந்த ஒலியைத் தடுக்கும் தனிப் பெரிய காயில் வழியாக அதே இரண்டு சேனலின் பிரிட்ஜிலும், எல்லாம் ஒரே நேரத்தில். எந்த அலைவரிசையிலும் ஆம்புக்கு ஏதாவது ஒன்றுதான் தெரியும் என்பதால் அது பாதுகாப்பாகவே ஓடியது. பழைய ஆட்களின் கைத்திறமை அது. இன்று நான்கு சேனல் ஆம்ப் எளிதாகக் கிடைக்கும்போது அந்தச் சிரமம் யாருக்கும் தேவையில்லை.

அப்புறம், சென்னை ஜி.பி. ரோட்டிலோ ரிச்சி தெருவிலோ போய் நின்றால் அட்டைப்பெட்டியில் 1000 வாட்ஸ், 2000 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்ட ஆம்ப்கள் வரிசையாக இருக்கும். அந்த எண்ணை நம்பி பிரிட்ஜ் கணக்குப் போடாதீர்கள். ஆர்.எம்.எஸ்., அதாவது ஆம்ப் தொடர்ந்து கொடுக்கும் பவர் எவ்வளவு, அதுவும் எத்தனை ஓம்ஸில் என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2003-ல் கொண்டுவந்த சி.இ.ஏ. 2006 (இப்போது சி.டி.ஏ. 2006; 2006 என்பது எண், ஆண்டு அல்ல) என்ற அளவுமுறைப்படி 14.4 வோல்ட்டில், 4 ஓம்ஸில், ஒலித் திரிபு 1 சதவீதத்துக்குள் இருக்கும்போது அளந்த பவரைத்தான் எழுத வேண்டும். அந்தக் குறி இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். ஒரே ஒரு 25 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தால், 14.4 வோல்ட்டில் உள்ளே போகக்கூடியதே 360 வாட்ஸ்தான். ஏ-பி கிளாஸ் என்ற சர்க்யூட் வகை ஆம்ப் அதில் பாதியோ கொஞ்சம் கூடவோதான் ஒலியாக்கும், மீதி வெப்பம். டி கிளாஸ் என்ற இன்னொரு வகை என்றால் 80 சதவீதம் வரை. 360 வாட்ஸ் உள்ளே போய் 1000 வாட்ஸ் வெளியே வர எந்த பிரிட்ஜாலும் முடியாது.

சில டி கிளாஸ் சின்ன ஆம்ப்களில் டெக்கைப் போலவே ஒவ்வொரு சேனலும் உள்ளேயே பிரிட்ஜாக இருக்கும். அவற்றில் இரண்டு சேனலை மறுபடி சேர்த்தால் அந்த நொடியே போய்விடலாம். எனவே டெர்மினலில் பிரிட்ஜ் என்று குறி போட்டிருந்தால் மட்டுமே செய்ய வேண்டும், அதுவும் குறி போட்ட அந்த இரண்டு முனையில்தான். வழக்கமாக இடது பிளஸ், வலது மைனஸ், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெக்கிலிருந்து சிக்னல் வரும் ஆர்.சி.ஏ. இன்புட் இரண்டும் கொடுக்க வேண்டுமா, ஒன்று போதுமா என்பதும் மாடலுக்கு மாடல் வேறு. பல ஆம்ப்களில் ஒன்று மட்டும் கொடுத்தால் ஒரு சேனல் தூங்கும், பவர் கால்வாசியாகிவிடும், 'பிரிட்ஜ் பண்ணியும் சத்தமே வரவில்லை' என்று கெயினை முழுக்கத் திருப்பி காயிலை எரிப்பார்கள்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது, அதனால்தான் கடிதம் நீள்கிறது. பிரிட்ஜில் சப்புக்குப் போகும் இரண்டு ஒயருமே சிக்னல் ஓடும் ஒயர், எதுவும் கிரவுண்ட் இல்லை. டிக்கியில் உறை கிழிந்து பாடியில் பட்டால் அவுட்புட் நேரடியாக ஷார்ட். பேட்டரியிலிருந்து வரும் பவர் ஒயரில் பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். அந்த ஃப்யூஸ் ஆம்பைக் காப்பாற்றுவதற்கு அல்ல, ஒயர் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. ஒயர் தாங்கும் அளவைத் தாண்டிப் பெரிய ஃப்யூஸ் போட்டால் ஃப்யூஸுக்குப் பதிலாக ஒயர் உருகும், அது கார்ப்பெட்டுக்கு அடியில், பெட்ரோல் ஓடும் வண்டியில். ஆம்ப் மாட்டும் ஒயர் கிட்டில் வரும் மலிவு ஒயர் பலதும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பு தாங்குமளவு கரண்ட் அது தாங்காது. அந்த வேனுக்குப் பெரிய ஃப்யூஸ் போட்டு அனுப்பியவர் இதை யோசித்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார். பதினைந்து பேர் ஏறுகிற வண்டி அது.

உங்கள் வாகனப் பக்கத்தில் இதைக் கொஞ்சம் விரிவாக, படத்தோடு ஒருமுறை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஆம்ப் மாட்டி முடித்ததும், ஆம்பிலிருந்து கழற்றிய நிலையில் சப்புக்குப் போகும் இரண்டு ஒயரிலும் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 4 ஓம்ஸ் என்றால் மீட்டரில் மூன்றரைக்குப் பக்கத்தில் காட்டும், 2 என்றால் இரண்டுக்குக் கீழே. ஆம்பில் பிரிட்ஜுக்கு எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓம்ஸையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒத்துப்போகாவிட்டால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். கடைக்காரர்கள் பில்லில் ஆம்ப் மாடலோடு 'சப் 4 ஓம்ஸ், பிரிட்ஜ், ஃப்யூஸ் இத்தனை ஆம்பியர்' என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். செலவில்லாத வேலை, நாளைக்கு ரிப்பேருக்கு வந்தாலும் எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஆம்ப் பழுதுபார்க்கும் வாசகர்,
திருச்சி.